ஆப்பிரிக்கா சுவர் வரைபடம்: லீ பஜார் தானியக் கடையில் ஏழு மாதம் தொங்கிய பிறகு

தை மாதத்தில், சேலம் முதல் அக்ரஹாரம் தெருவில் உள்ள ஒரு ஸ்டேஷனரி கடையில் இந்த வரைபடத்தை வாங்கினேன். விலை 520 ரூபாய். என் மகளுக்கு எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் ஆப்பிரிக்கா பாடம் வந்திருந்தது. பாடப் புத்தகத்தில் உள்ள படம் உள்ளங்கை அளவுதான், அதில் ஆறுகளின் பெயரைக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிக்க வேண்டும். பெரிதாக ஒன்று வேண்டும் என்று கேட்டாள். வாங்கி வந்து பார்த்தால் வீட்டில் அதை மாட்டச் சுவரே இல்லை. ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் ஜன்னல், இன்னொரு பக்கம் சாமி அலமாரி. அதனால் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் உள்ள எங்கள் தானியக் கடையில், கல்லாவுக்குப் பின்னால் மூட்டைகளுக்கு மேலே மாட்டினோம். பள்ளி விட்டதும் அவள் கடைக்குத்தான் வருவாள். படிப்பு அங்கேதான்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலடி உயரம், மூன்றரை அடி அகலம். மேலும் கீழும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை, மாட்டுவதற்குக் கயிறு. லேமினேஷன் கனமானது. எங்கள் கடையில் ராகித் தூசியும் மிளகாய் நெடியும் எப்போதும் இருக்கும். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைக்கிறேன், இதுவரை ஓரம் பிரியவில்லை, நிறம் மங்கவில்லை. ட்யூப்லைட் நேராக அடித்தால் பளபளத்து எழுத்து தெரியாது, கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள். சுருட்டித்தான் கொடுப்பார்கள். முதல் நான்கு நாள் கீழ்ப்பட்டை மேலே சுருண்டுகொண்டு வந்தது, இரண்டு பக்கமும் அரைக் கிலோ எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டதும் சரியாகிவிட்டது.

பெயர்கள் தமிழில் பெரிதாகவும், கீழே ஆங்கிலத்தில் சிறிதாகவும் இருக்கின்றன. கடலுக்கு வெளிர் நீலம், பாலைவனத்துக்கு மஞ்சள், காட்டுக்குப் பச்சை. ஒரு சென்டிமீட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று அளவு போட்டிருக்கிறார்கள். இந்த ஒரு வரிக்காகவே நான் இதைச் சிபாரிசு செய்வேன். பல சுவர்ப் படங்களில் அளவே இருக்காது. அளவு இல்லாத வரைபடம் படிக்கல் இல்லாத தராசு மாதிரி.

அந்த அளவை வைத்து என் மகள் ஒரு வேலை செய்தாள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் தமிழ்நாட்டை அதே கணக்கில் வரைந்து வெட்டினாள். கன்னியாகுமரியிலிருந்து பழவேற்காடு வரை எட்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதை அல்ஜீரியாவின் மேல் வைத்தாள். பெரிய தாம்பாளத்தில் ஒரு வெற்றிலை வைத்த மாதிரி இருந்தது. அல்ஜீரியா ஒன்று மட்டுமே 23.8 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல் 18 மடங்கு. கண்டம் முழுவதும் 3 கோடி சதுர கிலோமீட்டருக்கு மேல். இந்தியா, சீனா, அமெரிக்கா மூன்றையும் உள்ளே வைத்தாலும் இடம் மிச்சம் இருக்கும்.

பக்கத்துக் கடையில் ஒரு உலகப் படக் காலண்டர் தொங்குகிறது. அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். நிஜத்தில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. உருண்டையைத் தட்டையாக்கும்போது துருவத்துப் பக்கம் உள்ளதெல்லாம் இழுபட்டுப் பெரிதாகிவிடும், நடுக்கோட்டை ஒட்டியவை சிறுத்துத் தெரியும். கப்பலுக்குத் திசை பார்க்க மெர்க்கேட்டர் என்பவர் 1569இல் போட்ட முறை அது. மாலுமிக்குச் சரி. ஆனால் அதையே பார்த்து வளர்ந்த எங்கள் மனதில் ஆப்பிரிக்கா சின்னதாகப் பதிந்துபோனது. ஐம்பது வயதில் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையால் அது எனக்குத் திருந்தியது.

அப்புறம் நைல் நதியை அளந்தோம். சாக்கு தைக்கும் சணல் நூல் கடையில் எப்போதும் இருக்கிறது. விக்டோரியா ஏரியின் வாயில் ஒரு முனையை நான் விரலால் அழுத்திக்கொண்டேன். மகள் ஸ்டூலில் ஏறி, நீலக் கோட்டின் மேலேயே நூலை வளைத்து வளைத்துக் கொண்டுபோனாள். தென்சூடானில் சதுப்பு நிலம், கார்ட்டூமில் எத்தியோப்பியாவிலிருந்து வரும் நீல நைல் வந்து சேரும் இடம், அதற்கு மேல் பெரிய ‘எஸ்’ மாதிரி ஒரு வளைவு, பிறகு எகிப்து, கடல். நூலை எடுத்து அளவுகோலில் வைத்தால் 68 சென்டிமீட்டர், அதாவது 5,400 கிலோமீட்டர் சுமார். படத்தின் ஓரத்தில் 6,650 என்று போட்டிருக்கிறது. “அம்மா, தப்பாப் போட்டிருக்காங்க” என்றாள். தப்பில்லை. படம் சின்னச் சின்ன வளைவுகளையெல்லாம் நேராக்கிவிடும். அதோடு அந்த 6,650 என்பது ஏரியிலிருந்து இல்லை, ஏரியில் வந்து விழும் ஆறுகளின் தலையிலிருந்து தொடங்கும் கணக்கு. அந்த ஏரியே 68,800 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

அஸ்வான் அணையைப் படத்தில் கறுப்புக் கோடாகக் காட்டியிருக்கிறார்கள். மேட்டூர்க்காரர் ஒருவர் மாதா மாதம் எங்களிடம் கொள்ளு வாங்க வருவார். அதைப் பார்த்து நின்றுவிட்டார். மேட்டூர் அணை 1934இல் முடிந்தது, 93.47 டி.எம்.சி. கொள்ளளவு, இதை அவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அஸ்வான் உயர் அணை 1970இல் முடிந்தது, அதன் நாசர் ஏரி மேட்டூரைப் போல் ஐம்பது மடங்குக்குக் குறையாது என்றேன். அவர் கேட்ட கேள்வி வேறு. “அங்க எத்தன ஊரு முழுகிச்சுங்க?” பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் இறங்கும்போது வெளியே தெரியும் நந்தியையும் மாதா கோயில் கோபுரத்தையும் பார்த்து வளர்ந்தவர் அவர். நூபியர்கள் என்ற மக்கள் ஊர் ஊராக இடம் பெயர்ந்தார்கள், அபு சிம்பெல் கோயிலைக் கல் கல்லாக அறுத்து மேட்டில் கொண்டுபோய் மறுபடி கட்டினார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தக் கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கொள்ளு வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

மாட்டி ஒரு மாதம் இருக்கும். மகள் ஏதோ படித்துக்கொண்டிருந்தவள், “அம்மா, ராகி ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்ததாம்” என்றாள். என் அம்மா ராகியை ஆரியம் என்பார். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று லாரி வரும் ஊர்கள்தான் எனக்கு ராகியின் ஊர்கள். நம்பாமல் தேடிப் படித்தேன். உண்மைதான். எத்தியோப்பியா, உகாண்டா மலைப்பகுதிகளில் முதலில் பயிரானது ராகி, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். கிழக்கு ஆப்பிரிக்காவில் சுவாஹிலி மொழியில் அதற்கு ‘விம்பி’ என்று பெயர். அங்கே அதில் காய்ச்சும் கஞ்சிக்கு ‘உஜி’ என்று பெயர், குழந்தைகளுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுப்பார்கள். நம் வீடுகளில் யாருக்குக் கொடுக்கிறோமோ அதே ஆட்களுக்கு!

அதற்குப் பிறகு ஒவ்வொரு மூட்டையாகப் பார்க்க ஆரம்பித்தேன். கம்பு மேற்கு ஆப்பிரிக்காவில் சஹாராவின் தெற்கு ஓரத்தில் பயிரானது. மாலி நாட்டின் வட பகுதியில் 4,500 ஆண்டு பழைய கம்பின் தடயம் கிடைத்திருக்கிறது. சோளம் சூடானின் கிழக்குப் பகுதியிலிருந்து. தட்டைப்பயறும் ஆப்பிரிக்கப் பயிர். ஆமணக்கு, எங்கள் பக்கம் கொட்டமுத்து என்போமே, அது வடகிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. கடைசியாகப் புளி. அரபு வணிகர்கள் அதை ‘இந்தியப் பேரீச்சை’ என்று அழைத்தார்கள், அதிலிருந்துதான் ஆங்கிலப் பெயரே வந்தது. பெயரில்தான் இந்தியா, மரத்தின் தாய்நிலம் ஆப்பிரிக்கா. செனகல் நாட்டின் தலைநகர் டக்காருக்கு அந்தப் பெயர் வந்ததே, வோலோஃப் மொழியில் புளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து என்று ஒரு விளக்கம் உண்டு. சாலை ஓரமெல்லாம் புளியமரம் நிற்கும் ஊர்க்காரி நான். புளி இல்லாமல் குழம்பு என்று ஒன்றை நினைத்தே பார்க்க முடியாது. அது எப்போதோ கடல் தாண்டி வந்து, நம்முடையதாகவே ஆகிவிட்டது.

எல்லாமே அங்கிருந்து வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கொள்ளு, உளுந்து, பாசிப்பயறு, துவரை, எள்ளு, சாமை, வரகு எல்லாம் நம் மண்ணில் பயிரானவை. மக்காச்சோளமும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. ஆனால் எங்கள் கடையில் அன்றாடம் அதிகம் போகும் மூட்டைகளை எண்ணினால், ராகி, கம்பு, சோளம், புளி என்று, நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைச் சுற்றி நிற்பவை பெரும்பாலும் எனக்குப் பின்னால் தொங்கும் படத்திலிருந்து வந்தவை. இந்த இடத்தில் எத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்! ஒருவரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

சாப்பிடும் முறையும் அப்படியே. சேலத்துக்காரர்களுக்குக் களியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கொதிக்கும் தண்ணீரில் மாவைப் போட்டு, களிக்கோலால் கட்டி விழாமல் கிண்டி, உருண்டை பிடித்து, குழி செய்து குழம்பு ஊற்றி, மெல்லாமல் விழுங்குவோம். மாலியிலும் புர்க்கினா ஃபாசோவிலும் கம்பு மாவிலோ சோள மாவிலோ இதையே கிண்டி, ‘தோ’ என்கிறார்கள். தொட்டுக்கொள்ள வழவழப்பான வெண்டைக்காய்க் குழம்பு. கென்யாவில் ‘உகாலி’. அங்கேயும் வலது கையால் ஒரு துண்டு எடுத்து, உருட்டி, கட்டை விரலால் குழி செய்து, கீரையை அள்ளிச் சாப்பிடுவார்கள். இப்போது உகாலி பெரும்பாலும் மக்காச்சோள மாவில்தான், ராகியும் சோளமும் ஒதுங்கிவிட்டன. நம் ஊரில் அரிசி வந்து களியை ஒதுக்கிய கதைதான் அங்கேயும். எத்தியோப்பியாவில் டெஃப் என்ற கடுகைவிடச் சின்ன தானியத்தை அரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, பெரிய வட்டக் கல்லில் ஊற்றி ‘இஞ்சேரா’ சுடுவார்கள். மேலே கண் கண்ணாக வரும். நைஜீரியாவில் தட்டைப்பயறை ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து, வெங்காயம் மிளகாய் சேர்த்து எண்ணெயில் பொரித்தால் ‘அக்காரா’. நான் செய்து பார்த்தேன். நம் பயறு வடைதான், கொஞ்சம் லேசாக, பஞ்சு மாதிரி வருகிறது. மாவை நன்றாக அடித்துக் காற்று ஏற்ற வேண்டும், அதுதான் சூட்சுமம்.

குச்சிக்கிழங்கைச் சொல்லாமல் விட்டால் சேலத்துக்காரியாக நான் இருக்க முடியாது. அது தென் அமெரிக்கக் கிழங்கு. போர்ச்சுகீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இன்று உலகத்திலேயே அதிகமாக விளைவது நைஜீரியாவில். நாம் கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் படியவைத்து, குருணையாக உருட்டி வறுத்து ஜவ்வரிசி ஆக்குகிறோம். அவர்கள் துருவி, சாக்கில் கட்டிக் கல் வைத்து அழுத்திப் புளிக்கவிட்டு, இரும்புச் சட்டியில் வறுத்து ‘காரி’ ஆக்குகிறார்கள். கசப்புக் கிழங்கில் உள்ள நஞ்சு அந்தப் புளிப்பிலும் வறுப்பிலும் போய்விடும். ஒரே கிழங்கு, இரண்டு ஊர், இரண்டு கைப்பக்குவம்.

இதில் ஒன்றுகூட இந்த வரைபடத்தில் இல்லை. இதுதான் இதன் மேல் எனக்குள்ள பெரிய குறை.

படத்தில் என்ன இருக்கிறது? சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, மலைப்பாம்பு, எகிப்தில் மூன்று பிரமிடு. வீடு இல்லை, சந்தை இல்லை, வயல் இல்லை, ஒரு மனிதர் முகம் இல்லை. நூற்றைம்பது கோடிப் பேர் இருக்கும் கண்டத்தை மிருகக்காட்சி சாலையாகக் காட்டினால், அதைப் பார்த்துப் படிக்கும் பிள்ளை என்ன நினைக்கும்? அந்த யானையாவது சரியாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. போட்டிருப்பது நம் கோயில் யானை. தலையில் இரண்டு மேடு, முதுகு வில் மாதிரி வளைந்து, காது சின்னதாக. ஆப்பிரிக்க யானைக்குக் காது தோளை மூடும் அளவு பெரிது, முதுகு நடுவில் பள்ளமாக இருக்கும், பெண் யானைக்கும் வெளியே தெரியும் தந்தம் இருக்கும், துதிக்கை நுனியில் ஒன்றுக்குப் பதில் இரண்டு விரல். கோயில் வாசலில் காசு கொடுத்து ஆசி வாங்கிய எந்தக் குழந்தைக்கும் இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். என் மகள்தான் கண்டுபிடித்தாள்.

பெயர்களிலும் பிழை உண்டு. ‘புதிய பதிப்பு’ என்று மேலே போட்டிருக்கிறார்கள். தென்சூடானைத் தனியாகக் காட்டியிருக்கிறார்கள், அது 2011இல் பிறந்த நாடு, சரி. ஆனால் 2018இலேயே எஸ்வாட்டினி என்று பெயர் மாற்றிக்கொண்ட நாடு இதில் இன்னும் சுவாசிலாந்துதான். புருண்டியின் தலைநகர் புஜும்புரா என்றே இருக்கிறது, கிட்டேகா ஆகிவிட்டது. நைஜர், நைஜீரியா இரண்டையுமே ‘நைஜீரியா’ என்று அச்சிட்டுவிட்டார்கள். இரண்டு காங்கோவுக்கும் வெறும் ‘காங்கோ’. பிரசவில்லும் கின்ஷாசாவும் ஒரே ஆற்றின் இரு கரையில் எதிர் எதிரே நிற்கும் இரண்டு நாட்டுத் தலைநகரங்கள். அவ்வளவு அருமையான விஷயம் இந்த ஒரு சொல்லில் காணாமல் போகிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் போகும். வெள்ளைத் தாளில் எழுதி, வெட்டி, டேப் போட்டு ஒட்டித் திருத்திவிட்டோம்.

எல்லைக் கோடுகளை மட்டும் நன்றாக, அழுத்தமாகப் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஒரு கேள்வி வந்தது. எங்கள் கடையில் மாமனார் காலத்திலிருந்து மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர், பீடியைக் காதில் செருகிக்கொண்டு படத்தைப் பார்த்தார். “ஏம்மா, இதென்ன ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி? நம்ம ஜில்லா எல்ல இப்படியா இருக்கு?” எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவே உள்ள கோட்டைக் காட்டினார்.

“ஸ்கேல் வச்சுத்தான் போட்டாங்கண்ணா” என்றேன்.

1884 நவம்பரில் பெர்லினில் ஐரோப்பிய நாடுகள் கூடி, ஆப்பிரிக்காவை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று தங்களுக்குள் விதி போட்டுக்கொண்டன. ஒரு ஆப்பிரிக்கர்கூட அந்த மேஜையில் இல்லை. அடுத்த முப்பது ஆண்டில் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் தவிர ஏறக்குறைய முழுக் கண்டமும் கைமாறிவிட்டது. எத்தியோப்பியா தப்பியது சும்மா இல்லை. 1896இல் அட்வாவில் இரண்டாம் மெனெலிக் மன்னரின் படை இத்தாலியைத் தோற்கடித்தது. காம்பியாவைப் பாருங்கள், ஒரு ஆற்றின் இரண்டு கரையை மட்டும் நாடாவாகக் கிழித்தெடுத்த மாதிரி இருக்கிறது. சுற்றிலும் செனகல். ஆறு பிரிட்டனுக்கு, மற்றது பிரான்சுக்கு. ஒரே மொழி பேசுகிற சொந்தக்காரர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். 1957இல் கானா விடுதலை அடைந்தது, 1960 ஒரே ஆண்டில் 17 நாடுகள். இன்று ஐ.நா.வில் 54 ஆப்பிரிக்க நாடுகள் இருக்கின்றன. ஆனால் கோடுகள் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. அண்ணன் கேட்டுவிட்டு, “நெலத்தப் பாக்காமயே பாகம் பிரிச்சிருக்கானுங்க” என்றார். நிலத் தகராறில் பல வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தவர்.

வரைபடம் தயாரிப்பவர்கள் அடுத்த பதிப்பில் மலைப்பாம்பை எடுத்துவிட்டு மூன்று இடங்களைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலாவது மாலி நாட்டின் பழைய வணிக நகரம் டிம்பக்டு. வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள் அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சஹாராவின் நடுவே பூமியிலிருந்து உப்பைப் பலகை பலகையாக வெட்டி, ஒட்டகத்தின் இரு பக்கமும் கட்டி, வாரக்கணக்கில் நடந்து டிம்பக்டுவுக்குக் கொண்டுவருவார்கள். தெற்கே இருந்து தங்கம் வரும். உப்புக்குத் தங்கம்! நாங்கள் கடை வாசலில் மழையில் நனைந்தால்கூடக் கவலைப்படாமல் போடும் உப்பு மூட்டை அங்கே சொத்து. மாலிப் பேரரசர் மன்சா மூசா 1324இல் மெக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் வாரி வழங்கிய தங்கத்தால் அங்கே தங்கத்தின் விலையே இறங்கிப்போனது. வரத்து அதிகமானால் விலை இறங்கும் என்பதை லீ பஜாரில் புளி சீசனில் நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். அதே டிம்பக்டுவில் ஆயிரக்கணக்கான கையெழுத்துச் சுவடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது பெரிய ஜிம்பாப்வே. 11ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை, சுண்ணாம்போ மண்ணோ வைத்துப் பூசாமல், கருங்கல்லை அடுக்கியே கட்டிய நகரம். சுவர் சில இடங்களில் 11 மீட்டர் உயரம். வெள்ளையர்கள் வெகுகாலம் அதை ஆப்பிரிக்கர்கள் கட்டியதாக ஒப்புக்கொள்ளவே இல்லை. 1980இல் விடுதலை கிடைத்தபோது அந்த நாடு ரொடீசியா என்ற பெயரை எறிந்துவிட்டு அந்தக் கல்நகரத்தின் பெயரையே வைத்துக்கொண்டது. மூன்றாவது சூடானின் மெரோவே. பிரமிடு என்றால் எகிப்து என்றே எல்லாப் படமும் காட்டுகிறது. எண்ணிக்கையில் சூடானில்தான் அதிகம், அளவில் சின்னவை, ஒல்லியாகச் செங்குத்தாக நிற்கும்.

நம்மவர்கள் போன கதையும் இந்தக் கண்டத்தில் இருக்கிறது. 1860 நவம்பர் 16ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பனில் போய் நின்றது. காந்தியோடு சத்தியாகிரகத்தில் சிறை போய், 1914 பிப்ரவரியில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். மொரீஷியஸ் படத்தில் ஒரு புள்ளிதான். ஆனால் அந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. இதைச் சொன்னதும் மகள் அந்தப் புள்ளியைச் சுற்றி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். அவளுக்குப் பிடித்த இன்னொரு விஷயம் எத்தியோப்பியாவின் எழுத்து. நம் க, கா, கி, கீ மாதிரியே, ஒவ்வொரு மெய்யும் உயிரோடு சேரும்போது கொஞ்சம் கொஞ்சமாக உருவம் மாறும். ஒரு எழுத்துக்கு ஏழு வடிவம். “நமக்குத்தான் நிறையன்னு நெனச்சேன்” என்றாள்.

சரி, வாங்கலாமா? வாங்கலாம். 520 ரூபாய்க்கு இந்த அளவும் இந்தக் கெட்டியும் நியாயம். எல்லைக்கோடு, ஆறு, மலை, தூரக் கணக்கு எல்லாம் நம்பகமாக இருக்கின்றன. பெயர்களை நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும். வாங்கும்போது கடையிலேயே முழுக்க விரித்துப் பாருங்கள். நான் முதலில் எடுத்த படத்தில் மடகாஸ்கர் பக்கம் லேமினேஷனுக்குள் காற்றுக் குமிழ் இருந்தது, மாற்றிக் கொடுத்தார்கள். தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு இது அதிகம், எட்டாம் வகுப்புக்கு மேல் சரியாக இருக்கும். மளிகை, தானியம், காப்பி வியாபாரம் செய்பவர்கள் கடையில் மாட்டினால் இன்னும் நல்லது.

நாங்கள் இதில் ஒன்று செய்தோம், நீங்களும் செய்யலாம். ஒவ்வொரு தானியத்தையும் அது பிறந்த இடத்தில் ஒட்டினோம். மாலியில் நாலு கம்பு, சூடானில் சோளம், உகாண்டாவில் ராகி, எத்தியோப்பியாவுக்கு மேலே ஒரு கொட்டமுத்து, செனகலில் ஒரு புளியங்கொட்டை. லேமினேஷனில் சாதாரணப் பசை பிடிக்காது, காலையில் வந்து பார்த்தால் எல்லாம் கீழே மூட்டை மேல் உதிர்ந்து கிடக்கும். இருபுறமும் ஒட்டும் டேப் வாங்கி, அதைச் சின்னச் சின்னதாக வெட்டி ஒட்டினால் நிற்கும்.

வைகாசியில் ஏற்காட்டிலிருந்து ஒருவர் வந்தார். மூன்று ஏக்கரில் சில்வர் ஓக் நிழலில் காப்பி வைத்திருக்கிறார், மிளகுக்கொடியும் உண்டு. வீட்டுக்கு ராகி எங்களிடம்தான். படத்தைப் பார்த்து, “காப்பி எங்கம்மா?” என்றார். நான் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மூலையைக் காட்டினேன். அங்கே காப்பி இன்றும் காட்டுக்குள் தானாகவே வளர்கிறது. அங்கிருந்து யேமனுக்குப் போய், அங்கிருந்து பாபா புதான் என்ற பெரியவர் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் போட்டார் என்று சொல்வார்கள். ஏற்காட்டுக்கு 1820களில், காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்தபோது வந்தது. எத்தியோப்பியாவில் விருந்தாளி முன்னாலேயே கொட்டையைக் கழுவி, வறுத்து, இடித்து, ‘ஜெபெனா’ என்ற மண்கூஜாவில் கொதிக்கவைத்து மூன்று சுற்று ஊற்றுவார்கள், மூன்றையும் குடித்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்றும் சொன்னேன்.

“நெழலுக்கு என்ன மரம் வெப்பாங்க?” என்று கேட்டார்.

“வெக்கறதில்லைங்க. காடே நெழல்தான்.”

அடுத்த முறை வரும்போது அவர் தோட்டத்துக் காப்பிக் கொட்டை ஒரு கைப்பிடி கொண்டுவந்து கொடுத்தார். அது மட்டும் டேப்பில் நிற்கவில்லை. தோலோடு இருந்ததால் வழுக்கி வழுக்கி விழுந்தது. கோணூசியால் படத்தில் துளை போட எனக்கு மனம் வரவில்லை. எத்தியோப்பியாவுக்கு நேராக, படத்துக்கு வெளியே சுவரில் ஒரு ஆணி அடித்து, சின்னத் துணிப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.